அளவு எழுதாத புத்தகம்

ஒரு கரண்டி பூச்சிமருந்தின் அளவைத் தெரிந்துகொள்ள ஒருத்தி ஒன்றரை மைல் மலையேற வேண்டும் என்று ஒருவர் புத்தகம் எழுதி வைத்தால், அவரைப் பற்றி நீங்கள் என்ன சொல்வீர்கள்? கொடியவர் என்பீர்களா? ஒச்சப்பன் கொடியவர் இல்லை. சிலமலை ஊர்க்காரர், பள்ளி இறுதி வகுப்பு தேறியவர், போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் இளைய எழுத்தர்.

தெளிப்பான், எண்ணெய் எஞ்சின், காய் உலர்த்தும் அடுப்பு என்று தோட்டத்துக்கு வந்த ஒவ்வொன்றோடும் ஓர் இங்கிலீஷ் புத்தகம் வந்தது. எல்லாம் பீரோவில் கரையானுக்கு இரையாகிக் கிடந்தன. 1957ஆம் வருஷம் மேனேஜர் அவற்றை ஒழுங்குபடுத்தச் சொன்னார். ஒச்சப்பன் ஏழு மாதம் உழைத்தார். வேலை செய்யும் விதத்தைத் தமிழில் எழுதி, ‘செய்முறை’ என்று மெல்லிய நோட்டுகளாக்கிக் கொட்டகைகளில் தொங்கவிட்டார். அளவுகள், உதிரிப் பாகங்களின் எண்கள், விஷமுறிவு எல்லாம் ‘விவரம்’ என்ற தடித்த புத்தகமாகி ஆபீஸ் அலமாரிக்குப் போயின.

எந்த அளவையும் இரண்டு இடத்தில் எழுதக் கூடாது என்பது அவர் வகுத்த விதி. இரண்டு இடத்தில் இருந்தால் ஒன்றைத் திருத்திவிட்டு மற்றதை மறந்துவிடுவோம் அல்லவா? ஆகவே செய்முறை நோட்டில் அளவு வர வேண்டிய இடத்திலெல்லாம் ‘விவரம், பக்கம் 14’ என்று மட்டும் எழுதினார். நல்ல விதிதான், மேசை முன்னால் உட்கார்ந்திருப்பவனுக்கு.

எழுதியதைப் படித்துக் காட்ட அவருக்கு ஆளில்லை. ஆபீஸ்காரர்கள் உள்ளே ஒன்றாகச் சாப்பிடுவார்கள். சாதி பார்த்து அவருடைய இலையை மட்டும் பின்தாழ்வாரத்தில் போடுவார்கள். கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்துப் பக்கம் போனாலோ, ஆபீஸ் ஆள் வருகிறார் என்று பேச்சு நின்றுவிடும். மழை மாதங்களில் பல நாள் அவர் காதில் விழுந்த ஒரே குரல் அவருடையதுதான். தான் எழுதிய வரியைத் தானே உரக்கப் படித்து, தானே தலையாட்டிக்கொள்வார்.

ஒரு சனிக்கிழமை எஞ்சினுக்கு வாஷர் வாங்கப் போடிக்கு இறங்கியிருந்தார். தோட்டத்து ஜீப்பு ஆஸ்பத்திரிக்குப் போவதைக் கண்டு பின்னாலேயே ஓடினார். மருந்து தெளிக்கும் திருப்பதியை வாயில் நுரை தள்ளத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவன் மனைவி சந்திரவல்லி தூணோரம் நின்றாள். கொட்டகையில் மருந்து கலக்குபவள் அவள்தான். நாலாம் வகுப்புப் படித்தவள்.

“ஒங்க நோட்டை நாலு தடவை படிச்சேண்ணே. அளவைக் காணோம். ஒண்ணரை மைலு ஏறி மேல ஆபீசுக்குப் போனேன். படியேறாதேன்னுட்டாரு பெரிய எழுத்தர். கங்காணி வெரசா வெரசான்னு நின்னாரு. பழைய மருந்துக்கு மூணு கரண்டி போடுவோம். இந்தப் புது மருந்துக்கும் அதையே போட்டேன்.”

“புதுசுக்கு ஒண்ணுதான் தாயி.”

“அந்த ஒண்ணை எழுத ஒங்க நோட்டுல எடமில்லையாக்கும்?”



திருப்பதி பிழைத்துக்கொண்டான், கைநடுக்கம் மட்டும் நிற்கவில்லை. மலைச்சாமிக்குப் பொங்கல் வைக்காமல் தெளிப்பைத் தொடங்கிய குற்றம் என்றார் கங்காணி. சாராயம் என்றார் மேனேஜர். கரண்டியைப் பற்றி யாரும் பேசவில்லை. குடித்துவிட்டு மருந்தைத் தொட்டான், மாதக் கடைசிக்குள் புருஷனும் பெண்டாட்டியும் லயத்து அறையைக் காலி செய்ய வேண்டும் என்று அறிக்கை தயாரானது. அதை நல்ல கையெழுத்தில் எழுதிச் சாட்சிக் கையெழுத்தும் போட ஒச்சப்பனிடம் கொடுத்தார்கள்.

அவர் வேறொன்று எழுதினார். திருப்பதி குடிக்கவில்லை. அளவை வேலை நடக்கும் இடத்தில் எழுதாதது என் பிழை. வேலை செய்பவளை அந்தப் புத்தகத்தைத் தொட விடாதது ஆபீசின் பிழை. ஒரு பிரதியைத் தொழிலாளர் இன்ஸ்பெக்டருக்கும் தபாலில் போட்டார்.

இன்ஸ்பெக்டர் வந்து விசாரித்துப் போனார். திருப்பதியும் சந்திரவல்லியும் லயத்திலேயே இருந்தார்கள். ஒச்சப்பனை, மூட்டைக்குச் சீட்டு ஒட்டும் வேலைக்குப் போடியில் சரக்கு அடுக்கும் கிட்டங்கிக்கு மாற்றினார்கள். மலையிறங்க ஒரு வாரம் கொடுத்தார்கள்.

அந்த வாரத்தில் மருந்து நோட்டைப் புதிதாக எழுதினார். அளவையும் விஷமுறிவையும் அந்தந்த வரியிலேயே சேர்த்தார். கொட்டகைக்குப் போய் நோட்டைச் சந்திரவல்லியிடம் கொடுத்து, மருந்தில்லாமல் வெறும் தண்ணீரில் கலக்கிக் காட்டச் சொல்லிவிட்டுப் பேசாமல் நின்றார். நாலு இடத்தில் அவள் கை நின்றது.

“‘கொஞ்ச நேரம் கழித்து வடிகட்டவும்’. கொஞ்சம்னா எம்புட்டு? வாயில கொழுக்கட்டையா வச்சிருக்கீக, சொன்னாத்தான் என்ன?”

“நான் வாயைத் தொறந்தா நோட்டு தோத்துப்போச்சுன்னு அர்த்தம் தாயி.”

அவள் நின்ற நாலு இடத்தையும் பென்சிலால் குறித்துக்கொண்டு போய்த் திருத்தி எழுதினார். மறுநாள் மறுபடி கலக்கியபோது அவள் எங்கும் நிற்கவில்லை. அந்த மலையில் அவர் எழுத்தை இன்னொருவர் படித்துக் கேட்டது அந்த இரண்டு நாள்தான்.

அவர் கிளம்பிய காலையில் வழியனுப்ப யாரும் வரவில்லை. வந்தால் ஆபீசில் பெயர் குறித்துக்கொள்வார்கள் என்று பயம். ஜீப்பு கொட்டகையைக் கடந்தபோது சந்திரவல்லி நோட்டில் விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. அவர் முதல் வளைவு வரை திரும்பிப் பார்த்தபடியே போனார்.

ஆலையிலோ பண்ணையிலோ அலுவலகத்திலோ பிறருக்காக நீங்கள் ஏதாவது எழுதித் தொங்கவிட்டிருந்தால், நாளைக் காலையில் அதை இறக்குங்கள். அந்த வேலையைச் செய்கிறவர் கையில் கொடுங்கள். அவர் படித்துப் படித்துச் செய்யட்டும். நீங்கள் பக்கத்தில் வாய்மூடி நில்லுங்கள். அவர் கை எங்கே நிற்கிறதோ, அங்கே எழுதுங்கள்.