கினுயோ கடைசியாகக் கேட்ட ஓட்டு

ஜப்பானின் அமகசாகி நகரில் கினுயோவின் முட்டைக்கோஸ் அடைக் கடைக்கு வழக்கமாக வருகிறவர்கள், தேர்தல் சமயத்தில் மட்டும் வேறு தெரு வழியாகப் போவார்கள். தட்டை வைத்த கையோடு ஓட்டுக் கேட்டுவிடுவாள். அவள் சேர்ந்திருந்த புத்த சங்கத்துக்குச் சொந்தமாகவே ஒரு கட்சி உண்டு. போர் வேண்டாம் என்கிற கட்சி என்று சொல்லிச் சொல்லி, கூடப் படித்தவர்கள், கல்யாணத்தில் ஒருமுறை பார்த்தவர்கள் என யாரையும் விடாமல் போன் போட்டாள். சங்கத்துக்கும் கோயில் குருமாருக்கும் சண்டை வந்தபோது, குருவை வாசலிலேயே நிற்க வைத்துத் திட்டி அனுப்பியவளும் அவள்தான். சாவு வீட்டில் இனி குருமாருக்குப் பதில் சங்கத்தாரே ஓதுவார்கள் என்று தலைமை சொன்னதை அப்படியே நம்பினாள்.

அந்தக் கட்சிதான் படையை வெளிநாட்டுக்கு அனுப்பும் சட்டத்துக்குக் கை தூக்கியது. கினுயோ சங்கக் கொடியோடு ரயில் நிலைய வாசலில் நின்று, ஏமாற்றிவிட்டார்கள் என்று தொண்டை கிழியக் கத்தினாள். அன்றிலிருந்து சங்கத்துப் பெண்கள் அவள் கடைப் படி ஏறவில்லை.

அடுத்த தேர்தல் நெருங்கும்போது கணவர் தெய்ஜி இறந்தார். சங்கத்தின் வட்டாரத் தலைவர் மசுவோகா பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். கையில் ஜெபமாலை இருந்தது, ஆனால் உட்காரவில்லை.

"கினுயோ சான், ஓதத்தான் வந்திருக்கோம். அதுக்கு முன்னாடி பழையபடி நம்ம கட்சிக்காக நாலு பேருக்குப் போன் போட்டுட்டீங்கன்னா, மேலிடத்துல நான் சொல்லிக்குவேன்."

"பொணத்தைப் பக்கத்துல வெச்சுக்கிட்டா?"

"தெய்ஜி சானுக்காகத்தானே சொல்றேன். ஓதாம அனுப்பினா நல்லாவா இருக்கும்?"

இதற்குப் பெயர் பக்தியாம்! கோயிலுக்குப் போகவும் வழியில்லை. அந்தக் கதவை அவளே சாத்தியிருந்தாள். கணவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு போனை எடுத்தாள். மசுவோகாவுக்கு நிம்மதி.

"தொமிகோவா? நான்தான்டி, கினுயோ. ஆமா, தேர்தல் விஷயம்தான். இத்தனை வருஷம் எனக்காக ஓட்டுப் போட்டியே, இந்தத் தடவை அவங்களுக்குப் போடாதே. நான் சொன்னதெல்லாம் பொய்யாப் போச்சு. மன்னிச்சுக்கோ."

"என்ன பண்றீங்க நீங்க!" மசுவோகா பதறினார்.

"நீங்கதானே போன் போடச் சொன்னீங்க? சும்மா இருங்க, இன்னும் மூணு பேர் பாக்கி."

அவர் பெண்களை விரட்டிக்கொண்டு வெளியேறினார். செருப்பு மாட்டும்போது ஒருத்தி அழுதாள். அழுதுகொண்டே போய்விட்டாள்.

மற்ற மூவரிடமும் பேசி முடித்துவிட்டுக் கினுயோ தெய்ஜியின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். ஊரே கூடி ஓத வேண்டியதை ஒற்றைக் குரலில் ஓதத் தொடங்கினாள். துக்கத்தைவிடக் கோபம்தான் அதிகம் இருந்தது. அந்தக் கோபத்தோடேயே அவரை வழியனுப்பினாள்.