ரோலரை விட்டுவிட்டு டிரையருக்கு

"செவ்வாய். காலை 9.10 கரண்ட் போனது. டிரையரில் நான்கு பேர். அடுப்புக் கதவு மூடியாச்சு. 9.25 மூன்று ரோலரிலும் மூடி தூக்கியாச்சு. 9.50 கொழுந்து தரையில், விரல் கனம். புகை இல்லை."

இலங்கை மலையகத்தில், நோர்வூட் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் தேயிலைத் தொழிற்சாலையில், ரோலர் அறைக் கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதப்பட்ட வரிகள் இவை. அங்கே நான் கிளாக்கராக வேலை பார்த்தேன். மாலை நான்கு மணிக்குப் பலகையை அழித்துவிடுவார்கள். அதற்கு முன்பு அதை அப்படியே என் குறிப்பேட்டில் பிரதி எடுத்துக்கொள்வேன். தேதியும் என்னிடம் இருக்கிறது. சம்பந்தப்பட்டவர்கள் இன்னும் அதே தோட்டத்தில் இருப்பதால் இங்கே கிழமையோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இந்த வரிகளின் அருமை புரிய வேண்டுமானால் நான்கு மாதம் பின்னால் போக வேண்டும். அன்றைக்கும் மழை, அன்றைக்கும் கரண்ட் போனது. ஜெனரேட்டர் பழுதாகி, அதற்கான பாகம் கொழும்பிலிருந்து வருவதாக ஐந்து வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வாடிய கொழுந்து ரோலரில் உருண்டு, புளித்து, கடைசியாக டிரையருக்குள் போகும். அங்கே தட்டுகள் சங்கிலியில் நகர, கீழேயுள்ள விறகு அடுப்பின் சூடு தேயிலையைக் காய வைக்கும். கரண்ட் போனால் தட்டு நின்றுவிடும், நெருப்பு நிற்காது. கைப்பிடியைச் சுற்றித் தட்டுகளை வெளியே எடுக்க இரண்டு பேர், அடுப்பை அடைக்க ஒருவர், வரும் தேயிலையை அள்ள ஒருவர் என்று நான்கு பேராவது தேவை.

டிரையர்காரர் அன்றைக்குத் தனியாகச் சுற்றினார். மற்றவர்கள் அவரவர் மெஷின் பக்கத்தில் நின்றார்கள். அடுத்தவர் மெஷினில் கை வைக்கக் கூடாது என்பது அந்த அறையின் எழுதாத சட்டம். சொல்லாமல் எதையும் செய்யக் கூடாது என்பது இன்னொன்று. சொல்ல வேண்டியவர் தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீமேக்கர். அவர் தோட்ட நிர்வாகியான பெரிய துரையின் பங்களாவுக்குப் போன் போட்டு, "என்ன செய்யலாம் தொரை?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பதில் வருவதற்குள் டிரையரிலிருந்து புகை வந்துவிட்டது. அந்தத் தேயிலை முழுவதும் கருகல் வாடை. அங்கே நின்ற பன்னிரண்டு பேருக்கும் என்ன செய்ய வேண்டும் என்று தெரியும், ஒருவரும் செய்யவில்லை. சோம்பேறித்தனத்தால் அல்ல, மரியாதையால் நடந்த தவறு அது. எங்கள் தோட்டங்களைத் தெரியாதவர்களுக்கு இதை நம்புவது கடினம்.

அடுத்த வாரமே ரோலர் அறைப் பொறுப்பாளர் கொழும்பில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அவர் இடத்துக்கு ஆண்கள் யாரும் முன்வரவில்லை. தூள் சலிக்கும் அறையில் இருந்த பெண் ஒருவர் அந்த வேலையைக் கேட்டார். முப்பத்தைந்து வயதிருக்கும். புகை வந்த அன்று யார் எங்கே நின்றார்கள், எத்தனை நிமிஷம் நின்றார்கள் என்று பெரிய துரையிடம் வரிசையாகச் சொன்னவர் அவர்தான். அந்த அறைக்கு அதுவரை பெண் ஒருவர் பொறுப்பாக இருந்ததே இல்லை. துரை யோசித்துவிட்டு, "மூணு மாசம் பாப்போம். சரியில்லன்னா நீங்க திரும்பச் சல்லடைக்கு" என்றார். எழுத்தில் எதுவும் கொடுக்கவில்லை.

அந்தப் பெண் முதல் நாளே கரும்பலகை ஒன்றை வாங்கி மாட்டினார். அன்றன்று நடந்ததை நேரத்தோடும், தவறியது எதுவோ அதையும் எழுத வேண்டும், ஆனால் பெயர் எழுதக் கூடாது.

"பேரு போடாட்டி எப்படிக்கா பயம் வரும்?" என்று டிரையர்காரர் கேட்டார்.

"பயம் வந்தா உண்மை வராது தம்பி. நமக்கு எது வேணும்?"

பெரிய சிக்கல் முதலாம் ரோலர்காரர். அறையில் மூத்தவர், எல்லாருக்கும் மாமா. ரோலரின் தூணில் அவருடைய துண்டு தொங்கும், அந்தத் துண்டைத் தாண்டி யாரும் போக மாட்டார்கள். கரண்ட் போனால் முதலில் எல்லாரும் டிரையருக்கு ஓட வேண்டும், தீயை அடக்கிய பிறகுதான் ரோலர் என்று அந்தப் பெண் சொன்னதும் மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"என் ரோலர்ல கொழுந்து அமுங்கி வெந்துகிட்டு இருக்கும். நான் போயி அவன் டிரையர சுத்தணுமா? நல்லா இருக்கே!"

"உங்க கொழுந்து கா மணி நேரம் தாங்கும் மாமா. அவரு தேயிலை அஞ்சு நிமிஷம் தாங்காது."

"சரி, என் ரோலரு மூடிய வேற எவனாச்சும் தூக்குவானா? அது என் கைக்கு மட்டும்தான் பழகியிருக்கு."

"அப்ப உங்களுக்குக் காய்ச்சல் வந்தா ரோலருக்கும் லீவு போட்டுருவோமா?"

சிரிப்பு அடங்க நேரமானது. மாமா சிரிக்கவில்லை. ஆனால் மறுநாள் டிரையர்காரரைக் கூப்பிட்டு, மூடியின் திருகை எந்தப் பக்கம் சாய்த்துச் சுற்ற வேண்டும் என்று காட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். காட்டும்போது பாதி நேரம் திட்டினார்.

ஒவ்வொரு திங்கட்கிழமையும், கொழுந்து போடுவதற்கு முன்பு ஒத்திகை நடக்கும். அந்தப் பெண் கை தட்டினால் கரண்ட் போனதாக அர்த்தம். வெறும் மெஷினைச் சுற்றி ஓடுவது முதல் இரண்டு வாரம் எல்லாருக்கும் வெட்கமாக இருந்தது.

"தேர் இழுக்கிற மாதிரி எல்லாரும் ஓடுறோம். சாமி எங்கக்கா?" என்று ஒருவர் கேட்டார்.

"சாமி உள்ள கருகிக்கிட்டு இருக்கு. சீக்கிரம் சுத்துங்க."

நிர்வாகவியல் நூல்கள் கொஞ்சம் படித்திருக்கிறேன். கண்டி நூலகத்திலிருந்து எடுத்து வருவேன். குழுவை எப்படிக் கட்டுவது என்று அவற்றில் அத்தியாயம் அத்தியாயமாக இருக்கும். அவற்றில் எதிலும் நான் காணாத ஒன்றை ஐந்தாவது திங்கட்கிழமை பலகையில் கண்டேன். அன்று ஒத்திகையில் அவர் அவசரத்தில் வரிசையை மாற்றிச் சொல்லிவிட்டார். அடுப்பை அடைக்கும் முன்பே தேயிலையை அள்ளச் சொன்னார். நிஜமாக இருந்திருந்தால் அள்ளுகிறவருக்குக் கை வெந்திருக்கும். ஒத்திகை முடிந்ததும் நேராகப் போய் எழுதினார்: "நான் சொன்ன வரிசை தவறு."

"பேரு எழுதக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றார் டிரையர்காரர்.

"உங்க பேரத்தான் எழுதக் கூடாது. எம்பேர நான் எழுதிக்கலாம்."

அதற்குப் பிறகு மற்றவர்களும் தாங்களாகவே "நான்" போட்டு எழுத ஆரம்பித்தார்கள். "நான் அடுப்பில் ஈர விறகு போட்டேன்." "நான் நேரத்தைப் பார்க்காமல் எழுதினேன்." என் குறிப்பேட்டில் இப்படிப் பதினேழு வரிகள் இருக்கின்றன. ஒன்று மாமாவுடையது. எழுத்துக் கூட்டி எழுதியிருந்தார்.

மூன்று மாதம் முடியும் வாரம் வந்தது. செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்குத் தோட்ட ஆபிஸுக்கு வரச் சொல்லி அந்தப் பெண்ணுக்குத் தகவல். ஆபிஸ் தொழிற்சாலையிலிருந்து இரண்டு மைல் மேலே. எட்டு மணிக்கே குடையோடு கிளம்பினார். என்ன சொல்வார்கள் என்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. திரும்பச் சல்லடை அறைக்குப் போக நேர்ந்தால் அந்த வெட்கத்தை எப்படித் தாங்குவது என்று முந்தின நாள் என்னிடம் கேட்டிருந்தார்.

ஒன்பது பத்துக்குக் கரண்ட் போனது. ஜெனரேட்டருக்கான பாகம் அன்றுவரை வந்து சேரவில்லை.

நான் மேசையிலிருந்து எழுந்து வருவதற்குள் அறையில் எல்லாரும் இடம் மாறியிருந்தார்கள். யாரும் கை தட்டவில்லை, யாரும் கத்தவில்லை. மாமா தன் ரோலரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் டிரையரின் கைப்பிடியைப் பிடித்திருந்தார். எதிர்ப்பக்கம் டிரையர்காரர். ஒருவர் அடுப்பை அடைத்தார், ஒருவர் தேயிலையை அள்ளினார். டீமேக்கர் போன் பக்கம் போகவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டு, அள்ளிய தேயிலையை வாங்கிக்கொண்டிருந்தார். டிரையர் காலியானதும் எல்லாரும் ரோலருக்கு நகர்ந்தார்கள். முதலாம் ரோலரின் மூடியைத் தூக்கியவர் டிரையர்காரர். மாமா பக்கத்தில் நின்று, "பையப் பைய" என்று மட்டும் சொன்னார்.

சூடு ஆறுவதற்காகக் கொழுந்தைத் தரையில் பரப்பிக்கொண்டிருந்தபோது துரையின் ஜீப் வந்தது. அந்தப் பெண்ணும் அதில்தான் வந்தார். வாசலில் நின்று ஒரு முறை அறையைப் பார்த்தார். ஒரு உத்தரவும் போடவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, கை கழுவிக்கொண்டு, கடைசி வரிசையில் உட்கார்ந்து கொழுந்தைப் பரப்பத் தொடங்கினார். அந்த ஒரு நிமிஷத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை.

துரை டிரையரைத் திறந்து முகர்ந்து பார்த்தார். பிறகு கேட்டார்:

"யாரு ஓடர் போட்டது?"

"யாரும் போடல தொரை" என்றார் மாமா.

"அப்ப இவங்க இல்லாமலே எல்லாம் நடக்குதே. பிறகு இவங்க எதுக்கு?"

விளையாட்டாகக் கேட்டாரா, நிஜமாகவே கேட்டாரா என்று முகத்தில் தெரியவில்லை. கீழே உட்கார்ந்திருந்த பெண்ணின் கை நின்றுவிட்டது. மூன்று மாத உழைப்பு இப்படி அவருக்கு எதிராகவே திரும்பும் என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை.

மாமா துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"தொரை, போன தடவ நாங்க அத்தன பேரும் இங்கதான் நின்னோம். டீமேக்கர் ஐயாவும் நின்னாரு. எரிஞ்சிச்சு. இன்னைக்கு இந்தப் புள்ள இங்க இல்ல. எரியல. அது எதுக்குன்னு நீங்களே பாத்துக்கங்க."

டீமேக்கர் தலையைக் குனிந்தபடி, "அவரு சொல்றது சரி தொரை" என்றார். தன்மேலும் குறை சொன்ன ஒரு பேச்சை எல்லார் முன்னாலும் ஆமோதிக்க ஒரு மனம் வேண்டும். துரை ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். பத்தரைக்குக் கரண்ட் வந்தது.

வெள்ளிக்கிழமை கடிதம் வந்தது: ரோலர் அறைப் பொறுப்பாளராக நிரந்தர நியமனம். அந்தப் பெண் படித்துவிட்டு மாமாவிடம் நீட்டினார். மாமா கண்ணாடி இல்லாததால் என்னிடம் நீட்டினார். எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தேன். அன்று தேநீருக்கு யாரோ நோர்வூட்டிலிருந்து வடை வாங்கி வந்திருந்தார்கள்.

வாசிக்கும்போது கவனிக்கவில்லை. குறிப்பேட்டில் பதியும்போதுதான் பார்த்தேன், கடிதத்தில் இருந்தது திங்கட்கிழமைத் தேதி, அதாவது கரண்ட் போவதற்கு முந்தின நாள். அப்படியானால் துரை ஏற்கெனவே முடிவு செய்துவிட்டு, அறையில் இருந்தவர்கள் வாயிலிருந்தே பதில் வரவேண்டும் என்று அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கலாம். அல்லது ஆபிஸில் தட்டச்சு செய்தவர் தேதியைத் தவறாகப் போட்டிருக்கலாம், அந்த ஆபிஸில் அது புதிதல்ல. துரை மாற்றலாகிப் போய்விட்டார். தட்டச்சு செய்தவரிடம் இரண்டு முறை கேட்டேன், நினைவில்லை என்கிறார். செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்கு ஆபிஸில் என்ன பேசினார்கள் என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். பேச்சு ஆரம்பிக்கும் முன்பே ஆபிஸிலும் கரண்ட் போய், துரை ஜீப்பை எடுத்துவிட்டார் என்றார். கடிதம் எந்த நாளில் எழுதப்பட்டது என்பது இதுவரை உறுதியாகவில்லை.