மதியம் இரண்டு மணிக்கு எடுத்த ரத்தம்

விதி பதினான்கு, உட்பிரிவு மூன்று: ஆய்வில் சேர்ந்தவரின் ரத்த மாதிரியை மைய ஆய்வகம் ஏற்க மறுத்தால், ஏழு வேலை நாட்களுக்குள் காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இதை நான் மனப்பாடமாகச் சொல்வதில் பெருமை ஒன்றுமில்லை. அந்த விதியை எழுதிய குழுவில் நானும் இருந்தேன். ‘வேலை’ என்ற சொல்லைச் சேர்க்கச் சொன்னதே நான்தான்.

மருத்துவக் கல்லூரி அலுவலகத்தில் ஆயுசைக் கழித்து ஓய்வு பெற்ற என்னை இந்த ஆய்வு வேலைக்குக் கூப்பிட்டார்கள். நோக்கத்தில் குறையில்லை. பெரிய ஆய்வுகளில் எங்கள் கடற்கரை ஆட்கள் இருப்பதே இல்லை. நகரத்து உடம்புகளை அளந்து கண்டதை வைத்துத்தான் இங்கே வைத்தியம். அதை மாற்ற, கரையோர சுகாதார நிலையங்களையும் நகரத்து மருத்துவமனைகளையும் சேர்த்து ஒரு கூட்டு ஆய்வு தொடங்கியது. முதல் கேள்வி, உப்பளத்து ஆட்களின் சிறுநீரகம். நான் ஒருங்கிணைப்பாளர்.

காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள், வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வேண்டும் என்பது நெறிமுறை. வாலிநோக்கம் உப்பளத்தில் அந்த நேரத்துக்கு எல்லோரும் உப்புப் பாத்திக்குள் நிற்பார்கள். வெயிலுக்கு முந்திக்கொள்ள விடியுமுன்பே இறங்குகிறவர்கள், உச்சி வெயிலில்தான் கரையேறுவார்கள். முதல் நாள் காலை நானும் நர்ஸும் காலி நாற்காலிகளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தோம்.

மதியம் இரண்டு மணிக்கு ஒரு பெண் வந்தார். நாற்பது வயதிருக்கும். உப்புநீர் தின்ற பாதங்கள், லேசாக வீங்கிய முகம். ரத்தம் எடுத்ததும் நர்ஸ் என்னிடம் குனிந்தாள்.

“சார், காலைல எட்டுன்னு போட்ருவோமா? யாரு வந்து பாக்கப்போறா?”

“மணி என்னவோ அதைப் போடும்மா.”

அந்தப் பெண் சிரித்தார். “எட்டு மணிக்கு நான் பாத்தியிலல்ல நின்னேன். சாரு சொல்றதுதேன் சரி தாயி. பொய்யி எழுதாதீக.”

இரண்டு என்றே எழுதினோம். ஐஸ் பெட்டி மெட்ராசில் இருந்த மைய ஆய்வகத்துக்குப் போனது. பதில் வராமலே ஏழு வேலை நாட்கள் போயின. நினைவூட்டல் அனுப்பினேன். அதற்கும் ஒரு நினைவூட்டல், நகலோடு.

அடுத்த மாதம் அந்தப் பெண் வந்தபோது கால்களும் வீங்கியிருந்தன. ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்கு உடனே போகும்படி நர்ஸ் சொன்னாள்.

“அதேன் ஒரு குழா ரத்தம் எடுத்துட்டுப் போயிட்டீகள்ல? அதுல என்னன்னு வரட்டும். இன்னொருக்க எதுக்கு ஊசி?”

“அது எப்ப வருமோ, தெரியலக்கா.”

“மெட்ராசுலருந்து வார ரயிலே பாதிநாளு லேட்டு. ரத்தம் மட்டும் ஓடியா வரப்போகுது? வரட்டும்.”

நான் பக்கத்தில்தான் நின்றேன். ஆய்வு வேறு, வைத்தியம் வேறு, இதற்காகக் காத்திருக்காதீர்கள் என்று சொல்லியிருக்கலாம். ஒப்புதல் படிவத்தின் இரண்டாம் பக்கத்தில் அது இருந்தது. நானே அவருக்கு வாசித்துக் காட்டியிருந்தேன். வாசித்ததோடு கடமை முடிந்தது என்று நினைத்துவிட்டேன். அன்று உட்கார்ந்து மூன்றாவது நினைவூட்டலை எழுதினேன். நல்ல கடிதம்.

வைகாசியில் அவர் பாத்தியிலேயே விழுந்தார். கூட வேலை செய்தவர்கள் ஷேர் ஆட்டோவில் ஏற்றிப் போனார்கள். ராமநாதபுரத்திலிருந்து மதுரைக்கு அனுப்பினார்கள். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது, கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று அங்கே சொன்னார்களாம். அவர் ஊர் திரும்பவில்லை.

“எட்டுன்னே போட்ருக்கலாம் சார்” என்றாள் நர்ஸ்.

போட்டிருந்தால் ஆய்வு பொய்யாகியிருக்கும். இன்றும் அதுதான் என் கருத்து. ஆனால் ஆய்வக மேலாளரின் கைபேசி எண் என்னிடம் இருந்தது. கூப்பிட்டுக் கேட்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. எழுத்தில் இல்லாததை நான் செய்து பழகியதில்லை, அவ்வளவுதான்.

ஆய்வகத்தின் பதில் அதற்குப் பிறகுதான் வந்தது, மூன்றே வரி. நேரம் நெறிமுறைக்கு மாறாக இருந்ததால் மாதிரி பரிசோதிக்கப்படவில்லை. உப்பளப் பகுதிகளில் இனி பிற்பகல் மாதிரிகளும் ஏற்கப்படும். பங்கேற்பாளரை மீண்டும் வரச் சொல்லவும்.

பழக்கதோஷத்தில் அதன் மேல் ‘பெறப்பட்டது’ என்று முத்திரை குத்தி, தேதியை எழுதினேன். அன்று ஆடி அமாவாசைக்கு மறுநாள், வியாழக்கிழமை.