மாமாவை ஏசிய கவி

எங்கள் மாமாவிடம் மழைத்தண்ணீர் ஓட வடிகான் கேட்டுப் போனால் மேடை கிடைக்கும் என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. பகிடிக்குச் சொன்னதுதான். ஆனால் பொய்யென்று சொல்ல எனக்கு நா வராது. உம்மா கலியாணம் முடிக்குமுன்பே மாமா நகர சபைக்குள் போய்விட்டார். நான் பிறந்து, நடந்து, பால்பல் விழுந்து, மறுபல் முளைத்த பிறகும் அவர் அங்கேதான் இருந்தார். தலைவர்கள் வந்தார்கள், போனார்கள். கட்சிகள் உடைந்தன, ஒட்டின, மறுபடியும் உடைந்தன. மாமா மட்டும் தன் கதிரையை விட்டு அசையவில்லை. கல்முனைக் கரையோரத்தில் 'மெம்பர்' என்று யார் சொன்னாலும் அது அவரைத்தான்.

மாமா என்றால் உம்மாவின் கூடப்பிறந்த மூத்த காக்கா. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான் சொந்தம். கலியாணம் முடித்த ஆண் மனைவியின் வீட்டுக்குப் போய்விட வேண்டும். ஆகவே ஊருக்கெல்லாம் விளக்குப் போடக் கையெழுத்து வைத்த மனிதருக்குத் தன் பெயரில் ஒரு ஓடுகூடக் கிடையாது. மாமி வீட்டில் படுப்பார். தங்கச்சி வீட்டில், அதாவது எங்கள் வீட்டில், அரசியல் செய்வார். எங்கள் முன் விறாந்தைதான் அவருடைய காரியாலயம். காலையில் பள்ளிக்கூடம் போக நான் சப்பாத்துத் தேடும்போது அங்கே குறைந்தது நாலு பேராவது குந்திக்கொண்டிருப்பார்கள்.

அவருக்குக் கலை என்றால் உயிர். கோலாட்டம் போலப் பொல்லடி ஆடுகிற வாலிபர்களுக்குப் புதுப் பொல்லு வேண்டுமா, மாமா. தட்டிப் பாடுகிற றபானின் தோல் கிழிந்துவிட்டதா, மாமா. எங்கள் ஊர்களில் புத்தகம் வெளியிட்டால் முதற்பிரதியை ஒரு பெரிய மனிதர் பெருந்தொகை கொடுத்து வாங்க வேண்டும் என்பது முறை. அந்தப் பெரிய மனிதரும் மாமாதான். மாமி வீட்டு அலுமாரி முழுக்க முதற்பிரதிகள். "ரெண்டாம் பிரதி வாங்கின மனிசரெல்லாம் மாடி ஊடு கட்டிட்டாங்க. எங்கட ஆளு அலுமாரி மேல அலுமாரி கட்டுறாரு" என்பார் மாமி. சொல்லிக்கொண்டே அந்தப் புத்தகங்களைத் தூசி தட்டுவதும் மாமிதான்.

வாப்பா ஒருமுறை என்னைச் சபைக் கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். பார்வையாளர் வாங்கில் இருந்து பார்த்தேன். எல்லா உறுப்பினரும் தங்கள் தங்கள் வட்டாரத்துக்குக் கொங்கிரீட் வீதி கேட்டார்கள். மாமா எழுந்து கடற்கரையில் ஒரு திறந்தவெளி அரங்கு கேட்டார். ஒருவர், "வீதில வெளிச்சமில்ல, இவருக்கு ஆட்டமும் பாட்டும்" என்று சத்தமாகவே முணுமுணுத்தார். மாமா திரும்பி, "வெளிச்சமில்லாத வீதில தடவித் தடவியாவது நடக்கலாம். பாட்டில்லாத ஊருல எதத் தம்பி தடவுற?" என்றார். சபை குலுங்கிச் சிரித்தது. முணுமுணுத்தவரும் கை உயர்த்தினார். ஒரு வாய்ப்பேச்சில் இத்தனை கைகள் மேலே போகுமா என்று நான் வாய் பிளந்து இருந்தேன்.

அரங்கு எழும்பியது. திறப்பு விழா அன்று முன்வரிசையில் போட்டிருந்த கதிரையை விட்டு இறங்கி, மாமா எங்களோடு மணலில் சப்பணம் கொட்டிக்கொண்டார். பொல்லுகள் மோதி மோதி வேகம் பிடித்தபோது அவர் தோளும் சேர்ந்து ஆடியது. உலகத்திலுள்ள பாட்டெல்லாம் எங்கள் மாமாவிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் வெளியே வருகிறது என்று நான் உண்மையாகவே நம்பினேன்.

அந்த மேடையில் மாமா ஏற்றிவிட்டவர்தான் அலியார். ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டி ஊர் முழுக்க அறிவித்தல் செய்வது அவர் தொழில். யாராவது மவுத்தாகிப்போன செய்தியும் அவர் குரலில்தான் வரும், சாரன் மலிவு விற்பனையும் அவர் குரலில்தான் வரும். ஆனால் கவி படிக்கத் தொடங்கினாரென்றால், யா அல்லாஹ்! எங்கள் பக்கத்துக் கவி நாலே அடி. அநேகமாக, சொல்லிவிட்டு வராமல் போன மச்சானைப் பார்த்து ஒரு பெண் கேட்கும் கேள்வி. படிப்பவர் மீசைக்காரராக இருந்தாலும் கேட்பது அந்தப் பெண்தான். அலியார் ஓர் அடியை இழுத்தால் மீன் வெட்டுகிறவர் கத்தியைத் தூக்கியபடியே நிற்பார். மாமா அவரை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தி, கட்டிப்பிடித்துப் போட்டோ எடுத்தார். அந்தப் போட்டோ எங்கள் விறாந்தையில் தொங்கியது.

ஒரு மாரி. மழை விட்டும் விடாமலும் தூறிய பின்னேரம் அலியார் நனைந்த சாரனோடு வந்து நின்றார்.

"மெம்பர், எங்கட ஒழுங்கைல முழங்காலளவு தண்ணி. வடிகான் ஒண்டு வெட்டித் தாங்க. ஆட்டோ உள்ளுக்கு வராது. ஊட்டுல அவ நிறமாசம்."

"ஓம் ஓம், செய்வம். வாற கூட்டத்துல போடுறன்" என்றார் மாமா. "அது கிடக்கட்டும். மழைக்குத் தோதா ஒரு கவி படி, கேப்பம்."

அலியார் சாரன் தலைப்பைப் பிழிந்துவிட்டார். பிறகு படித்தார். மாமா கண்ணை மூடிக்கொண்டார். உம்மா தேநீர் ஊற்றினார். ஓட்டில் மழை, விறாந்தையில் கவி, கையில் சூடான தேநீர். எனக்கு அது சுவர்க்கமாக இருந்தது.

மாரி போய்க் கோடை வந்தது. தேர்தலும் வந்தது. எதிர்த்தரப்பில் புதிதாக, கட்டட வேலைகளை ஒப்பந்தத்துக்கு எடுக்கும் ஒரு கொந்தராத்துக்காரர் நின்றார். அரங்கை உடைத்துக் கடைத்தொகுதி கட்டுவேன், ஒழுங்கைக்கு ஒழுங்கை வடிகான் போடுவேன் என்றார். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக மாமாவுக்கு ஆட்டம் கண்டது. "இந்தமுற இறுக்கம் மச்சான்" என்று வாப்பா சொன்னார். மாமாவுக்காக வீடு வீடாக ஏறி இறங்குவது வாப்பாதான். அவருக்கு ஊரின் நாடி தெரியும். மாமா உம்மாவிடம் தணிந்த குரலில், "கதிர போனாப் போகட்டும் தங்கச்சி. அரங்கையும் கொண்டு போயிருவானுகள்" என்றார். அந்தக் குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

இரண்டு நாளில் வீதியில் அலியாரின் ஆட்டோச் சத்தம். குரலைக் கேட்டதும் ஓடிப்போய்ப் படலையில் தொங்கிக்கொண்டு கை காட்டினேன். நமக்காகத்தான் வருகிறார், வேறு யாருக்காக வருவார்! அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

மேடை கட்டித் தந்த மச்சான்
மின்வெளக்கும் தந்த மச்சான்
ஊடெல்லாம் வெள்ளம் மச்சான்
உன் வெளக்க எங்க வெப்பன்?

ஆட்டோவின் பின்னால் கொந்தராத்துக்காரரின் படம் ஒட்டியிருந்தது.

உம்மா ஜன்னலை அறைந்து சாத்தினார். "உண்ட ஊட்டுக்கு ரெண்டகம்! இவன மேடைல ஏத்தினது ஆரு? காக்காதானே!" மாமி வந்து, "இந்த மனிசன மச்சான் மச்சான் எண்டு கூப்பிடுறத்துக்கு அவனுக்கு வேற மெட்டே கிடைக்கல்லயா?" என்று பொரிந்தார். ஆனால் பாழாய்ப்போன கவி நாக்கில் ஒட்டிக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் பாடினார்கள், மீன் சந்தையில் பாடினார்கள். குளிக்கும்போது என் வாயும் என்னைக் கேட்காமல் முணுமுணுத்துவிட்டது. உம்மா கிணற்றடிக்கே வந்து துடையில் திருகினார்.

வாப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். ஸ்பீக்கருக்கு எடுத்த அனுமதி அடுத்த வட்டாரத்துக்கு மட்டும்தானாம். "ஒரு கோல் எடுங்க மச்சான். பொலிஸ் வந்து ஆட்டோவோட அள்ளிட்டுப் போகும். கவியும் போகும், கரைச்சலும் போகும்." மாமா போனைக் கையில் எடுத்தார். கொஞ்சம் பார்த்தார். பிறகு சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, "பாப்பம்" என்றார்.

பிரசாரத்தின் கடைசி நாள், அஸர் தொழுகை முடிந்த நேரம். ஆட்டோ எங்கள் வீதிக்குள் வந்தது. பின்னால் ஒரு கூட்டம். அன்று புதுக் கவி. சரியாக எங்கள் படலைக்கு முன்னால் வந்து அலியார் எடுத்தார்:

பொன்னாடை போத்திவிட்டாய் மச்சான்
போட்டோவும் எடுத்துவிட்டாய்...

படார் என்று ஒரு சத்தம். ஆட்டோவுக்குள்ளிருந்து புகை. ஸ்பீக்கர் ஊமையாகிவிட்டது.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அந்த இடத்திலேயே குதித்தேன். "அல்லாஹ் காட்டிட்டான்!" என்று உம்மா இரண்டு கையையும் உயர்த்தினார். எங்கள் ஆட்கள் விசிலடித்தார்கள். "செட்டும் எரிஞ்சி, அவன்ட கதையும் முடிஞ்சி" என்றார் வாப்பா. அலியார் தலையைக் குனிந்துகொண்டு வயரைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

மாமா விறாந்தையிலிருந்து எழுந்து, செருப்பில்லாமலே வீதிக்கு வந்தார். விசில் நின்றது.

"என்ன அலியார், கவி பாதியில நிக்கிது?"

"செட் பத்திட்டு, மெம்பர்."

மாமா வாப்பாவைப் பார்த்தார். "நம்மட செட்டக் கழட்டி இவனுக்குக் குடுங்க."

"மச்சான், ஒங்களுக்கென்ன பைத்தியமா? நாளைக்கழிச்சி வோட்டு!"

"பாதிக் கவிய றோட்டுல போட்டுட்டுப் போற ஊரா இது? கழட்டுங்க."

வாப்பா பிரசாரத்துக்கு ஓட்டிய வானில் இருந்த செட் அவிழ்ந்து அலியாரின் ஆட்டோவில் ஏறியது. வாப்பா கோபத்தோடு மைக்கை நீட்டினார். அலியார் மைக்கை வாங்கவில்லை.

"வேணாம் மெம்பர். மிச்சத்த நீங்க கேக்க வேணாம்."

"நான் கேக்காட்டி வேற ஆரு கேக்கிற? படி."

அலியார் மைக்கை எடுத்தார். முதல் அடியிலிருந்தே திரும்பப் படித்தார்.

பொன்னாடை போத்திவிட்டாய் மச்சான்
போட்டோவும் எடுத்துவிட்டாய்
புள்ளத்தாச்சி நனையக்குள்ள
போத்திவிட ஆர் வந்தா?

உம்மாவின் கை கீழே இறங்கியது. எதிர்வீட்டு வேலியில் நின்ற பெண்ணொருத்தி முக்காட்டுத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். எதற்கென்று எனக்கு விளங்கவில்லை. மாமா வழமைபோலக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கவி முடிந்த பிறகும் திறக்கவில்லை. நித்திரையாகிவிட்டாரோ என்றுகூட நினைத்தேன்.

பிறகு திறந்தார். "அலியார், 'நனையக்குள்ள' எண்டத்த அவசரமா உடுறாய். அத இழுத்துப் படி. அங்கதான் குத்தும்."

தன்னை ஏசுகிற கவிக்கு மெருகு போட்டுக் கொடுக்கிறார்! சுப்ஹானல்லாஹ், இப்படி ஒரு மனிதரா! அலியார் இன்னொருமுறை படித்தார். மாமா சொன்ன இடத்தில் இழுத்தார். அந்த இழுப்பில் எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. எங்கள் ஆட்களிலேயே பாதிப்பேர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த ஊரில் எத்தனையோ பெரிய மனிதர்களைப் பிறகு பார்த்துவிட்டேன். அன்று வெறுங்காலோடு வீதியில் நின்ற மாமாவின் உயரத்துக்கு ஒருவரும் வரவில்லை.

"செட் இருக்கட்டும்" என்றார் மாமா. "உனக்கு இன்னும் எத்தினையோ ஒழுங்க கிடக்கு." சொல்லிவிட்டு உள்ளே போனார். அந்தி சாயும்வரை, எங்கள் செட்டில், அவர் திருத்திக் கொடுத்த கவி ஊரெல்லாம் கேட்டது.

மாமா தோற்றார்.

கவிதான் கவிழ்த்தது என்று வாப்பா சாகும்வரை சொன்னார். இருக்கலாம். கொந்தராத்துக்காரர் அடுத்த மாரிக்குமுன் அலியாரின் ஒழுங்கையில் வடிகான் போட்டார். அதைச் சொல்லத்தான் வேண்டும். அரங்கை உடைக்க அவருக்கு நேரம் வரவில்லை. அடுத்தடுத்து வந்தவர்களுக்கும் வரவில்லை. மாமா அதற்குப் பிறகு எந்தத் தேர்தலிலும் நிற்கவில்லை. எத்தனையோ பேர் வந்து கெஞ்சினார்கள். சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டார்.

முடிவு வந்த அன்று எங்கள் வீடு மவுத்து வீடாகவே கிடந்தது. வாப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மஃரிபுக்குப் பிறகு மாமா வந்தார். உம்மா அவரைக் கண்டதும் ஓவென்று அழுதார். "என்னத்துக்கு அழுறாய்? ஒரு பிளேன்டி ஊத்து" என்றார். நான் போய் அவர் மடியில் சாய்ந்துகொண்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"மாமா, ஏன் மாமா அவருக்குச் செட்டக் குடுத்தீங்க?"

மாமா என் தலையைத் தடவினார். "அவன் படிச்சது பொய்யெண்டா குடுத்திருக்க மாட்டன் மருமகள்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பின்னே! பொய் சொல்கிறவனுக்குக் கொடுத்தாலும் பரவாயில்லை. உண்மை சொல்கிறவனுக்குப் போய் யாராவது செட் கொடுப்பார்களா? தோற்ற அன்றும் மாமா பகிடி விடுகிறார்! எங்கள் மாமாவைப் போல ஒருவர் இந்தத் துனியாவில் உண்டா? சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு நொந்தது.

மாமா பிளேன்டியை வாங்கிக் குடிக்காமல் கீழே வைத்தார். உம்மாவைப் பார்க்காமல், மெதுவாகக் கேட்டார்:

"தங்கச்சி, அலியார்ட அந்தப் புள்ள இருந்திருந்தா இப்ப தவழும், என்ன?"

உம்மா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தேன்.