அண்ணன் மறைத்த ஆபரேஷன்

போன மாதம் இங்கே மலேசியாவில், கிள்ளானில் ஒரு கிளினிக்குக்குப் போனேன். ஐம்பதைத் தாண்டியாயிற்றே, குடல் புற்றுநோய்ச் சோதனை செய்துகொள்ளலாம் என்றுதான். காரில் கூட்டிப் போனவர் என் அண்ணன்.

"ஆன்டி, மலத்துல ரத்தம் போகுதா? குடும்பத்துல யாருக்காச்சும் இந்த நோய் வந்திருக்கா?" என்று கேட்டார் டாக்டர். சின்னப் பெண்.

"எங்க வம்சத்துலயே கிடையாது லா!" என்றேன் பெருமையாக. ஏதோ என் சாமர்த்தியம் மாதிரி!

"அப்ப உங்களுக்கு ரிஸ்க் சாதாரணம்தான். மலப் பரிசோதனை போதும்."

பக்கத்தில் அண்ணன் தொண்டையைச் செருமினார். "டாக்டர்... எனக்கு இருந்துச்சு. நாற்பத்தெட்டு வயசுல. குடல்ல ஒரு துண்டை வெட்டி எடுத்தாங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஹெர்னியா ஆபரேஷன் என்றல்லவா சொன்னார்? ஆரஞ்சும் பிஸ்கட் டின்னுமாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தோமே!

"அப்ப மகளுக்கு மாப்பிள்ளை பேசிக்கிட்டிருந்தோம்மா. வெளிய தெரிஞ்சா யாரு வருவா?" என்றார் அண்ணன் என்னிடம்.

கல்யாணப் பேச்சு தொடங்கிவிட்டால் நம் வீடுகளில் யாருக்கும் பெரிய நோயே வருவதில்லை. எல்லாம் 'லேசான மயக்கம்'தான்! அந்த மகளுக்கு இப்போது குழந்தையே இருக்கிறது... அண்ணன் மட்டும் வாய் திறக்கவில்லை.

டாக்டர் மலப் பரிசோதனைக் குப்பியை ஓரமாக வைத்தார். "கூடப்பிறந்தவருக்கு, அதுவும் அந்த வயசுல வந்திருந்தா, உங்க ரிஸ்க் கூடுதல். இது பத்தாது ஆன்டி. நேரா கேமரா குழாய் விட்டுப் பார்க்கணும்."

பார்த்தார்கள். முதல் நாள் குடலைக் கழுவக் குடித்த மருந்தைப் பற்றி எழுதினால், பசியாறிக்கொண்டே படிப்பவர்கள் என்னை அடிக்க வருவீர்கள். மயக்க ஊசி போட்டதால் குழாய் விட்டது எனக்குத் தெரியவே இல்லை. உள்ளே இரண்டு சிறு கட்டிகள். இன்னும் புற்றுநோயாக மாறவில்லை, விட்டிருந்தால் மாறியிருக்கலாம். அங்கேயே எடுத்துவிட்டார்கள்.

வெளியே வந்து அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கோபமா, நன்றியா? இரண்டும்தான்.

மறுநாள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அண்ணனின் குரல். "எனக்கு வந்தது ஹெர்னியா இல்ல, குடல் கேன்சர். இப்ப நல்லா இருக்கேன். நம்ம ரத்த சொந்தம் எல்லாரும் டாக்டர்கிட்ட இதைச் சொல்லி செக் பண்ணுங்க."

அந்தக் குழுவில் ரவாங் ஊரிலிருக்கும் அண்ணனின் சம்பந்தியும் இருக்கிறார். மறைத்துப் பெண் கொடுத்தாயா என்று சண்டைக்கு வருவாரோ? அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை.

மாலையில் சம்பந்தியே கூப்பிட்டார்.

"நல்ல வேளை நீங்க சொன்னீங்க சம்பந்தி. எனக்கும் அதே குடல் கேன்சர் ஆபரேஷன்தான். பொண்ணு வீட்டுக்குத் தெரியக் கூடாதுன்னு வயித்துப் புண்ணு, கேஸ்ட்ரிக்னு சொல்லி வச்சோம்..."

தங்களுக்கு எந்த வயதில் சோதனை தொடங்க வேண்டும் என்று கேட்க, பெண்ணும் மாப்பிள்ளையும் இந்தச் சனிக்கிழமை ஜோடியாக டாக்டரைப் பார்க்கப் போகிறார்கள்.

பத்துப் பொருத்தமும் பார்த்துத்தான் முடித்தோம் — பதினொன்றாவதை மட்டும் இரண்டு வீட்டாரும் சேர்ந்தே ஒளித்து வைத்திருக்கிறோம்!