என் நாத்தனார் சொன்ன சாட்சி

1957, ஐப்பசி. புதுச்சேரியில் ஓயாத மழை. கடல்காற்று நீதிமன்றக் கதவுகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே நான், மில்லில் வேலை பார்த்த என் கணவர், எங்களுக்கு நடுவே ஒரு கேள்வி: பிரிந்துவிட்ட எங்களில் யாரிடம் நான்கு வயது மகள் வளர்வது? இரண்டு மாதமாக அவள் நெல்லித்தோப்பில், அவர் வீட்டில். நான் சாரம் பகுதியில், அம்மா வீட்டில், சோறு இறங்காமல்.

நான் கொடுத்த மனுவில் ஒரு பொய் இருந்தது. கணவரின் அக்கா என்னைப் பட்டினி போட்டார் என்று. புருஷனை இழந்து, தம்பி வீட்டிலேயே தங்கிவிட்டவர் அவர். வக்கீல் குமாஸ்தாதான் ஆரம்பித்துவைத்தார். "நாத்தனார் சோறு போடலைன்னு ஒரு வரி சேத்துக்கலாம்மா. பிரெஞ்சுல படிச்சா உருக்கமா இருக்கும்." தலையாட்டினேன். பிரெஞ்சுக்காரர் ஆட்சி போன பிறகும் அப்போது கோர்ட்டில் எல்லாம் பிரெஞ்சுதான். தெரியாத மொழியில் எழுதிவிட்டதால் அது என் பொய்யாகவே எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அன்று மொழிபெயர்ப்பாளர் எழுந்து, அந்த வரியை நிறுத்தி நிதானமாகத் தமிழில் வாசித்தார். தம்பிக்குச் சாட்சி சொல்ல வந்திருந்த நாத்தனார் கேட்டுக்கொண்டு நின்றார். போயிற்று, என் பிள்ளை போயிற்று என்று நினைத்தேன்.

"அது பொய்ங்க ஐயா. இவ சாப்புடாம நான் ஒருநாளும் சாப்ட்டதில்ல," என்றார். அதே மூச்சில், "ஆனா புள்ளைய இவகிட்டயே குடுத்துடுங்க. ரெண்டு மாசமா வாசல்லயே குந்திக்கினு இருக்குது. நான் ஊட்டுனா துப்புது. இவ மாதிரி அத யாராலும் பாத்துக்க முடியாது."

கணவர் கொதித்தார். "யார் வூட்டுச் சோத்தத் துன்னுட்டு யாருக்குப் பேசுற?"

"உன் வூட்டுச் சோறுதான்டா. அதுக்காவ புள்ளைய அழவுடச் சொல்றியா?"

மகள் என்னிடம், ஞாயிறுதோறும் தகப்பனிடம் என்று தீர்ப்பானது.

மறுநாள் காலை அவளை இடுப்பில் சுமந்துகொண்டு நாத்தனாரே சாரத்துக்கு நடந்து வந்தார். மன்னிப்புக் கேட்பதற்குப் பதில் இலையைப் போட்டேன். "சாப்ட்டுப் போங்க," என்றேன்.

"போடு போடு. நீ என்னப் பட்டினி போட்டன்னு எவனாவது எழுதிடப் போறான்," என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். வயிறாரச் சாப்பிட்டார்.

நான் பொய் சொன்னதையும், நான் நல்ல தாய் என்பதையும், ஒன்றுக்காக மற்றதை மறைக்காமல் ஒரே மூச்சில் சொன்னவர் அவர். எனக்குக் கோபமூட்டிய எவரைப் பற்றிப் பேச வாயெடுத்தாலும் அப்படி இரண்டையும் சொல்லத்தான் பார்க்கிறேன். இத்தனை வருடம் கழித்தும் பாதிதான் வருகிறது.