இருபத்திரண்டாம் பதில்

போன செவ்வாய்க்கிழமை காலை, கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் சாலையில் ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு போனேன். பின்னால் என் மனைவி மல்லிகா. ஒவ்வொரு வளைவிலும் வண்டியை நிறுத்தி, ஓரத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன்.

இயற்கை அழகைப் பார்க்கவா? இல்லை. பள்ளத்தில் ஒரு சின்ன டிராக்டர் கவிழ்ந்து கிடக்கிறதா என்று பார்த்தேன்.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

வடக்கனந்தலில் இருக்கும் எங்கள் கரும்புக் கொல்லைக்காக நான் மினி டிராக்டர் வாங்கிய கதையைப் படித்துச் சிரித்தவர்கள்தானே நீங்கள்? முதல் நாளே ரிவர்ஸில் போய் என் வேலியை நானே சாய்த்ததையும் சேர்த்து... அந்த அவமானத்தில்தான் ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் சேர்ந்தேன். மினி டிராக்டரை வாங்கிவிட்டு, ஓட்டத் தெரியாமல் முழிப்பவர்களுக்கான குரூப். கேள்வி கேட்பவர்கள் நானூறு பேர். பதில் தெரிந்தவர்கள் நாலே பேர்.

அந்த நாலு பேரில் முக்கியமானவர் ரஹீம் பாய். சங்கராபுரத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். டைப் பண்ண மாட்டார். எல்லாமே வாய்ஸ் மெசேஜ்தான். பின்னணியில் சுத்தியல் சத்தம் கேட்கும். ஆனால் ஒவ்வொரு பதிலும் தங்கம். என்ன பிரயோஜனம்? அடுத்த நாள் காலை வணக்கமும் ரோஜாப்பூவும் பிறந்தநாள் கேக்கும் வரிசையாக வந்து அந்தப் பதிலை மூடிவிடும். புதிதாக ஒருவர் சேர்ந்து அதே கேள்வியைக் கேட்பார். பாய் மறுபடி ஆரம்பத்திலிருந்து சொல்வார்.

எழுதுகிறவனுக்குக் கை சும்மா இருக்குமா? "நான் தொகுத்துத் தருகிறேன்" என்று ஒப்புக்கொண்டேன். மூன்று வாரம் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்தேன். நாற்பது கேள்வி, நாற்பது பதில். எந்த வேலைக்கு எந்த கியர், டயரில் எவ்வளவு காற்று, எப்போது ஆயில் மாற்றுவது... ஒவ்வொரு பதிலும் இரண்டே வரி. நம்பர் போட்டு, பிடிஎஃப் ஆக்கி, குரூப்பில் ஏற்றினேன். ஒரே கைதட்டல், கும்பிடு! இரண்டு நாள் எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

செவ்வாய்க்கிழமை ஒன்பதரை மணிக்கு செல்வராணியிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது.

செல்வராணி கல்வராயன் மலையில் மரவள்ளி போடுகிறவர். கணவருக்குக் கேரளாவில் வேலை. பழைய மினி டிராக்டர் ஒன்றை வாங்கி, தானே ஓட்டிப் பழகிக்கொண்டிருந்தார். நேரில் பார்த்ததில்லை. குரூப்பில் அதிகம் பேச மாட்டார். எதைச் சொன்னாலும் "சரிங்கண்ணா" என்று ஒரு வார்த்தை வரும், அவ்வளவுதான்.

அன்றைக்குக் கொஞ்சம் நீளமாகவே எழுதியிருந்தார்.

"அண்ணா, உழவு ரொட்டவேட்டர் பிளேடு மாத்தணும். வண்டிய எடுத்துக்கினு கச்சிராயபாளையம் எறங்குறேன். உங்க இருபத்திரெண்டாவது பதில படிச்சிட்டு பிரேக் கொக்கிய கழட்டி வச்சிட்டேன். இப்ப திருப்ப ஈசியா இருக்குது."

சிரித்துக்கொண்டேதான் படித்தேன். 'எறங்குறேன்' என்ற இடத்துக்கு மறுபடி வந்தபோது சிரிப்பு நின்றது.

டிராக்டர் ஓட்டாதவர்களுக்காகச் சொல்கிறேன். அதில் வலது காலுக்கு இரண்டு பிரேக் பெடல்கள் உண்டு. ஒன்று இடது சக்கரத்துக்கு, இன்னொன்று வலது சக்கரத்துக்கு. வயலில் ஒரு பெடலை மட்டும் மிதித்தால், வண்டி அந்தப் பக்கமாகச் சட்டென்று திரும்பும். அதற்காக, இரண்டையும் சேர்த்துப் பிடித்திருக்கும் கொக்கியைக் கழற்றிவிடுவார்கள். என் இருபத்திரண்டாம் பதில் அதைத்தான் சொன்னது.

சரி... வயலை விட்டு ரோட்டில் ஏறினால்?

குரூப்பில் பழைய மெசேஜ்களைத் தேடிப் போனேன். பாயின் வாய்ஸ் கிடைத்தது. நான் கேட்டு எழுதியது. அதற்குக் கீழே வணக்கம், பூ, கேக்... அதற்கும் கீழே பாயின் இன்னொரு வாய்ஸ். நான் கேட்கவே கேட்காதது.

"இத்த சொல்ல மறந்துட்டேன். ரோட்டுல ஏறுறதுக்கு முன்னாடி கொக்கிய மாட்டிடணும். மாட்டாம வேகத்துல ஒரு பெடல் மட்டும் அமுந்துச்சின்னா, வண்டி அந்தப் பக்கமே இழுத்துக்கினு போயி கவுந்துடும். எறக்கத்துல கேக்கவே வேணாம்."

செல்வராணிக்கு போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி போட்டேன். அதே குரல்.

"இன்னாங்க ஆச்சு? மூஞ்சி ஏன் இப்புடி வெளுத்துப் போச்சு?" என்றாள் மல்லிகா.

சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து ஸ்கூட்டரில் உட்கார்ந்தாள். கொஞ்ச தூரம் போனதும் என் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, விடாமல் அந்த நம்பரையே அழுத்திக்கொண்டு வந்தாள். மலை ஏறத் தொடங்கியதும் எங்கள் போனிலும் டவர் போய்விட்டது.

பயத்துக்குக் கணக்குப் போடத் தெரியும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அவர் ஒன்பதரைக்குக் கிளம்பியிருந்தால் இப்போது எந்த வளைவு? டிராக்டர் மெதுவாகத்தானே போகும்? இறக்கத்திலுமா? வழியில் ஒரு வளைவில் நாலைந்து பேர் கூடி நின்றார்கள். கிட்டப் போனால், ஒரு மினி லாரிக்கு டயர் மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

"டிராக்டர் எதுனா எறங்கிச்சாங்க? ஒரு பொம்பள ஓட்டிக்கினு வந்தாங்களா?"

"இல்லியேங்க. நாங்க அர மணி நேரமா இங்க தான் இருக்கோம்."

அது நல்ல செய்தியா, கெட்ட செய்தியா?

இன்னும் மூன்று வளைவு தள்ளி, ஒரு பஸ் நடுரோட்டில் நின்றது. ஆட்கள் இறங்கி நின்றார்கள். பஸ்ஸுக்கு முன்னால், மலைப்பக்கத்து ஓடையில் முன்சக்கரத்தை இறக்கி, சாய்ந்தபடி கிடந்தது டிராக்டர். ஒரு பின்சக்கரம் அந்தரத்தில் நின்றது.

செல்வராணி எதிர்ப்பக்கச் சுவரில் உட்கார்ந்திருந்தார். முழங்கையில் துண்டு கட்டியிருந்தது. துண்டு நனைந்து சிவந்திருந்தது. கண்டக்டர் கொடுத்த தண்ணீர் பாட்டிலை, குடிக்கத் தோன்றாமல், கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ் டிரைவர் எல்லோரிடமும் ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். "ரெண்டடிங்க. ரெண்டே அடி. நான் பிரேக் புடிக்கலன்னா..."

நான் யார் என்று சொன்னதும் செல்வராணி எழுந்திருக்கப் பார்த்தார்.

"நீங்க தான் அந்த அண்ணனா? நீங்க எழுதுனதெல்லாம் கரெக்டு தாண்ணா. எனக்குத் தான் மிதிக்க வரல. பஸ்ஸப் பாத்ததும் ஒதறிப் போச்சு. காலு வழுக்கி வலது பெடல்ல மட்டும் நின்னுடுச்சி. வண்டி குறுக்கால பாஞ்சிடுச்சிண்ணா."

வலது பெடல். வலது பக்கம் மலை. இடது பக்கம்... அவர் உட்கார்ந்திருந்த சுவருக்கு அந்தப் புறம் மரங்களின் உச்சி மட்டும்தான் தெரிந்தது. கால் அந்தப் பக்கம் வழுக்கியிருந்தால்?

உங்களிடம் ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். சும்மா இருந்துவிடலாம் என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது. அவரே தன் மேல் பழியைப் போட்டுக்கொண்டாரே! 'பரவாயில்லம்மா, போகப் போகப் பழகிடும்' என்று சொன்னால் முடிந்தது. யாருக்குத் தெரியப் போகிறது?

மல்லிகா என்னைப் பார்த்தாள்.

"நீங்க தப்பு பண்ணலம்மா," என்றேன். "நான் தான் பாதிய எழுதாம வுட்டுட்டேன். ரோட்டுக்கு வந்தா கொக்கிய மாட்டணும். அதுல அந்த வரி இல்ல."

அது புரிந்ததும் செல்வராணி பாட்டிலைக் கீழே வைத்தார்.

"எனக்கு ரெண்டு பொட்டப்புள்ளைங்கண்ணா."

அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கொஞ்சம் கழித்து அவரே கேட்டார். "இத்தப் படிச்சவங்க இன்னும் எத்தினி பேருண்ணா?"

சொன்னேன். நானூறு பேர். அவர்கள் வேறு குரூப்களுக்கு அனுப்பியது தனி.

"அப்ப இங்க ஏன் நிக்கிறீங்க? யாரு எங்க எறங்கிக்கினு இருக்காங்களோ. டவர் கெடைக்கிற எடத்துக்குப் போங்க மொதல்ல. அக்கா என் கூட இருக்கட்டும்."

மல்லிகாவை அவரிடம் விட்டுவிட்டு, வந்த வழியே இறங்கினேன். போனில் முதல் கோடு தெரிந்த இடத்தில் ஸ்கூட்டரை நிறுத்தி, ரோட்டோரத்தில் நின்றே பேசி அனுப்பினேன். இருபத்திரண்டாம் பதில் தப்பு, தப்பு என் மேல்தான், கொக்கியை மாட்டாமல் யாரும் ரோட்டில் ஏறாதீர்கள் என்று. குரல் எனக்கே யாருடையதோ போலக் கேட்டது.

பதில்கள் வந்தன. கழற்றி வைத்திருந்தவர்கள் ஏழு பேர். ஒருவர், "கொக்கிய எங்க வச்சேன்னே தெரியலீங்க" என்றார். பாய் ஒரே வரிதான் பேசினார். சுத்தியல் சத்தம் இல்லை. "கொக்கி தொலைச்சவங்க வாங்க, நான் செஞ்சித் தரேன்."

திரும்பிப் போனபோது, பஸ் பயணிகள் கயிறு கட்டி டிராக்டரை ஓடையிலிருந்து இழுத்துவிட்டிருந்தார்கள். அந்த வழியே போனவர் சொல்லி மேலேயிருந்து வந்த செல்வராணியின் மைத்துனர், டூல் பெட்டியில் கிடந்த கொக்கியை மாட்டி, வண்டியைத் திருப்பி, வீட்டுக்கே ஓட்டிப் போனார். நாங்கள் கூட்டிப்போன கச்சிராயபாளையம் ஆஸ்பத்திரியில் செல்வராணிக்கு முழங்கையில் தையல் போட்டார்கள். எலும்புக்கு ஒன்றுமில்லை. ஊசி போடும்போது மல்லிகாவின் கையை அவர் பிடித்த பிடியில், மறுநாள் வரை விரல் அடையாளம் இருந்தது.

இப்போது பழைய ஃபைலை எடுத்துவிட்டோம். புதியதில் ஒவ்வொரு பதிலையும் பாய் காதால் கேட்டுச் சரி சொல்ல வேண்டும். அதன் பிறகு செல்வராணி படிப்பார். அதை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். "தெரிஞ்சவங்களுக்கு எது உட்டுப்போச்சின்னு தெரியாதுண்ணா. என்ன மாதிரி தெரியாதவ தான் கேப்பா" என்றார். இதுவரை பதினொரு பதில்கள்தான் தேறியிருக்கின்றன. மற்றவை 'இன்னா, ஏன், எப்ப' என்ற அவருடைய கேள்விகளோடு திரும்பி வந்து கிடக்கின்றன.

ஆனாலும் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால், எடுப்பதற்கு முன், பழைய ஃபைலைப் படித்த இன்னொருவரோ என்றுதான் நினைக்கிறேன்.

அனுப்பியதை எல்லோருடைய போனிலிருந்தும் அழிக்க ஒரு பட்டன் இருக்கிறது. படித்தவர் தலையிலிருந்து அழிக்க...?